ஆய்வேட்டை நூலகத் தளத்தில் ஏற்றினால் பேட்டன்ட் போய்விடுமா?

சிரிங்கா பேத்தி | டோங்காட்

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் முதுநிலை வேதியியல் படிக்கிறேன். ஆய்வேடு எழுதி முடிக்கும் நேரம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற தமிழ்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆயா அரிசி டின்னுக்குள் காய்ந்த சிரிங்கா இலையை, அதாவது வேம்புக் குடும்பத்து மரம் ஒன்றின் இலையை, போட்டு வைப்பார். வண்டு அண்டாது என்பார். கூழ் ஊற்றும்போது வேப்பிலைக்குப் பதிலாக நாம் எடுத்துப் போகும் அதே சிரிங்காதான். அந்த இலையை வைத்து, மீலி (மக்காச்சோளம்) சேமிப்பதற்காக ஒன்று செய்து பார்த்தேன். நன்றாகவே வேலை செய்கிறது. எப்படி என்றால்,

[மட்டுறுத்துநர்: இங்கே இருந்த சில வரிகளும் ஒரு படமும் எடுக்கப்பட்டன. காரணம் கீழே.]

இதற்குப் பேட்டன்ட் கிடைக்கலாம் என்கிறார் நெறியாளர். அதே நெறியாளர்தான் அடுத்த மாதக் கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பு என்றும் சொல்கிறார். ஆய்வேட்டை முடித்ததும் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும், அவர்கள் இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றிவிட்டால் பேட்டன்ட் போய்விடும் என்று ஆய்வகத்தில் ஒருவர் பயமுறுத்துகிறார். அதெல்லாம் இல்லை என்கிறார் இன்னொருவர். அப்புறம், இந்தக் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? எனக்கா, பல்கலைக்கழகத்துக்கா? எனக்கு வருவது அரசு உதவித்தொகை.

பதிவு எண் | பிரிட்டோரியா

மட்டுறுத்துநரே, "எப்படி என்றால்" என்பதற்குப் பிறகு இருப்பதை உடனே தூக்குங்கள். படத்தையும். இந்தக் களத்தை உறுப்பினர் அல்லாதவரும் படிக்கலாம், கூகுளும் படிக்கும். தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்கு நீங்களே இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மட்டுறுத்துநர்

எடுத்தாச்சு. தேடுபொறியிலும் ஏறவில்லை என்று பார்த்துவிட்டேன். இந்த இழையில் யாரும் அந்த வரிகளை மேற்கோள் காட்ட வேண்டாம்.

பதிவு எண் | பிரிட்டோரியா

நன்றி. நான் ஒரு பேட்டன்ட் வக்கீல் அலுவலகத்தில் கிளார்க். வக்கீல் இல்லை, அதனால் இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தினமும் கையில் புரளும் விஷயம்.

நம் 1978-ஆம் ஆண்டுப் பேட்டன்ட் சட்டத்தில் புதுமை என்றால் முழுப் புதுமை. விண்ணப்பம் போட்ட நாளுக்கு முன்னால், உலகத்தில் எங்கே, எந்த மொழியில், எந்த வழியில் பொதுமக்கள் கைக்கு எட்டியிருந்தாலும் அது பழையது. சொந்தக் கண்டுபிடிப்பைச் சொந்த வாயால் சொன்னாலும் அப்படித்தான். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. இங்கே உங்கள் அனுமதி இல்லாமல் வேறொருவர் வெளியிட்டால், அல்லது நீங்கள் நியாயமான அளவில் களச் சோதனை செய்தால் பாதுகாப்பு உண்டு. கருத்தரங்கில் நீங்களே மேடை ஏறிச் சொல்வதற்கு அது ஒத்து வராது.

ஆயா அரிசி டின்னில் இலை போட்டதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அது ஊரறிந்த விஷயம். அதிலிருந்து நீங்கள் எங்கே விலகினீர்கள் என்பதுதான் பூட்டி வைக்க வேண்டியது. இங்கே சில நிமிடம் வரிகள் இருந்தன என்பதைப் பல்கலைக்கழகத்தில் பேட்டன்ட், உரிமம் எல்லாம் பார்க்கும் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதை எடைபோட வேண்டியது அவர்கள் வேலை.

அலமாரி அக்கா | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

நான் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன், ஆய்வேடுகளைத் தளத்தில் ஏற்றும் பிரிவில்தான். "நூலகம் ஏற்றிவிடும், பேட்டன்ட் போய்விடும்" என்று எங்களை வில்லனாக்கும் பேச்சை ஆண்டு முழுவதும் கேட்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நூலகம் ஏற்றினால் அது வெளியீடு, அதில் சந்தேகமே வேண்டாம். இணையமே தேவையில்லை, அலமாரியில் ஒரே ஒரு பிரதி போதும். 1986-இல் அமெரிக்க நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஹால் என்பவரின் விண்ணப்பம். ஜெர்மனியில் ஃபிரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு அட்டவணையில் சேர்க்கப்பட்டு அலமாரியில் இருந்தது. அந்த ஒற்றைப் பிரதியே முன்வெளியீடு என்று தீர்ப்பாகிவிட்டது. மூன்று ஆண்டு கழித்துக் குரோனின் என்பவர் வழக்கு. அதில் ரீட் கல்லூரியில் இளநிலை மாணவர்களின் ஆய்வேடுகள் இருந்தன. ஆனால் அவற்றுக்கான அட்டைகள் மாணவர் பெயர் வரிசையில் மட்டும் அடுக்கப்பட்டிருந்தன. வேதியியல் துறையில் அந்த அட்டைகள் ஒரு ஷூ பெட்டிக்குள் கிடந்தன. பொருள்வாரியாகத் தேட வழியில்லை, ஆகவே அது வெளியீடு ஆகாது என்றார்கள். ஆக, எங்கள் தொழிலை நாங்கள் ஒழுங்காகச் செய்தால் உங்களுக்கு ஆபத்து, சோம்பேறியாக இருந்தால் உங்களுக்கு லாபம்! அந்த ஷூ பெட்டியை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

இதற்குத்தான் எம்பார்கோ இருக்கிறது. ஆய்வேட்டைக் குறிப்பிட்ட காலம் பூட்டி வைக்கச் சொல்லி நெறியாளர் கையெழுத்தோடு ஒரு படிவம் தர வேண்டும். எவ்வளவு காலம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். படிவம் ஆய்வேட்டுக்கு முன்னால் எங்களிடம் வர வேண்டும், இதுதான் முக்கியம். ஏற்றி முடித்த பிறகு பதறிக்கொண்டு வருபவர்களுக்கு நான் கோப்பை இறக்கித் தரலாம். ஆனால் இடையில் யார் தரவிறக்கினார்கள், எந்தத் தேடுபொறி படியெடுத்தது என்பதை என்னால் திருப்ப முடியாது.

யாரும் சொல்லித்தராத ஒன்று இதில் இருக்கிறது. எம்பார்கோவில் கோப்புதான் பூட்டப்படும். தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், குறிச்சொற்கள் எல்லாம் பொதுவாகத் தளத்தில் தெரியும். "இன்ன செடியின் இன்ன சாற்றை இன்ன பொருளோடு இன்ன விகிதத்தில் கலந்து" என்று சுருக்கத்திலேயே கொட்டிவிட்டு, உள்ளே இருநூறு பக்கத்தைப் பூட்டி என்ன பயன்? தலைப்பைப் பொதுவாக வையுங்கள். சுருக்கத்தில் என்ன பிரச்சினை, என்ன வகை முறை, முடிவு சாதகமா என்பதோடு நிறுத்துங்கள். சுருக்கத்தையும் மறைக்க முடியுமா என்று உங்கள் நூலகத்தில் கேளுங்கள், சில இடங்களில் செய்வார்கள். வெளித் தேர்வாளர்களுக்கு ஆய்வேடு போகும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும். எழுத்துத் திருட்டுச் சோதனைக்கு ஏற்றும்போதும் "சேமிக்க வேண்டாம்" என்ற தெரிவைப் போடச் சொல்லுங்கள்.

கருத்தரங்குச் சுருக்கத்துக்கும் இதே கதைதான். கருத்தரங்குக்கு முன்னாலேயே சுருக்கத் தொகுப்பை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் பேசும் நாளைக் கணக்கில் வைத்திருப்பீர்கள், சுருக்கம் அதற்குப் பல வாரம் முந்தியே வெளியாகியிருக்கும்.

பழைய பென்சீன் | ரிசர்வாயர் ஹில்ஸ்

டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகக் காலத்திலிருந்து வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். எல்லோரும் சேர்ந்து ஒரு சின்னப் பெண்ணுக்கு "எப்படி ஒளிப்பது" என்று பாடம் நடத்துகிறீர்கள். உதவித்தொகை வரிப்பணம். ஆய்வகம் வரிப்பணம். முடிவை மட்டும் ஏன் பூட்ட வேண்டும்? மீலியை வண்டு தின்னாமல் வைத்திருப்பது குவாசுலு கிராமத்தில் இருப்பவருக்கு உயிர் பிரச்சினை. எழுதி வெளியிடம்மா, எல்லோரும் செய்து கொள்ளட்டும்.

இந்த நாட்டில் பேட்டன்ட் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். எய்ட்ஸ் மருந்து விலை குறையாமல் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது 39 மருந்து நிறுவனங்கள் நம் அரசின் மேல் வழக்குப் போட்டன. 1998-இல் போட்டதை 2001 ஏப்ரலில்தான் திரும்பப் பெற்றார்கள், அதுவும் உலகமே காறித் துப்பிய பிறகு.

பதிவு எண் | பிரிட்டோரியா

சார், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதே 2001-இல் நடந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டாவுடின் என்ற எய்ட்ஸ் மருந்தின் பேட்டன்ட் யேல் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. உரிமம் பிரிஸ்டல் மையர்ஸ் கம்பெனியிடம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலுக்கு எழுதியது, அங்கே மாணவர்கள் போராடினார்கள், அந்த மருந்தைக் கண்டுபிடித்த பேராசிரியரே விலை குறைய வேண்டும் என்றார். அந்த மார்ச்சிலேயே தென்னாப்பிரிக்காவில் பேட்டன்டை வைத்து யாரையும் தடுக்கமாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. அப்புறம் நம் டர்பன் கம்பெனி ஆஸ்பென் அதே மருந்தை இங்கே மலிவாகச் செய்தது. பேட்டன்ட் ஒரு பல்கலைக்கழகத்திடம் இருந்ததால்தான் போய் அழுத்தம் கொடுக்க ஒரு இடம் இருந்தது. கம்பெனியிடம் மட்டும் இருந்திருந்தால் எந்த மாணவன் போய் யார் வாசலில் உட்காருவான்?

பழைய பென்சீன் | ரிசர்வாயர் ஹில்ஸ்

யேல் அந்த உரிம ஒப்பந்தத்தை எழுதும்போதே ஏழை நாடுகளுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் யாரும் எந்த வாசலிலும் உட்கார வேண்டியிருந்திருக்காது. அந்த வரியை எழுத வைப்பது யார்? பரிமாற்ற அலுவலகத்துக்கு வருமானக் கணக்குதான் கண்ணில் படும்.

அலமாரி அக்கா | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அந்த வரியை ஆய்வாளரே கேட்கலாம் சார். உரிமம் கொடுக்கும் கட்டத்தில் "சிறு விவசாயிகளுக்குக் கட்டணமில்லை" என்று சேர்க்கச் சொல்லும் வாய்ப்பு விண்ணப்பம் போட்டவருக்கு இருக்கிறது. வெளியிட்டுவிட்டவருக்கு அது கிடையாது. வெளியிட்டால் எல்லோரும் செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த எல்லோரிலும் பெரிய கம்பெனியும் சேர்த்தி, அது அதன்மேல் ஒரு சின்ன மேம்பாட்டைச் செய்து அதற்குப் பேட்டன்ட் வாங்கும்.

கோயில் கமிட்டி | உமிலோ

பிள்ளைகளா, ஒரு கிழவன் கேட்கிறேன். வேப்ப மரத்துக்கே பேட்டன்ட் வாங்கினான் வெள்ளைக்காரன், மஞ்சளுக்கு வாங்கினான். இப்போது நம் பிள்ளையே பாட்டியின் வைத்தியத்துக்கு வாங்கப் போகிறது என்றால் அது என்ன நியாயம்? நாளைக்கு என் வீட்டு டின்னில் இலை போட்டால் என்மேல் கேஸ் வருமா?

நெல்லைக்காரன் | ஜோஹன்னஸ்பர்க்

தாத்தா, டின்னில் தாராளமாகப் போடுங்கள், ஒரு கேஸும் வராது. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் பேட்டன்ட் செய்ய முடியாது, செய்தாலும் நிற்காது. நீங்கள் சொன்ன இரண்டுமே அப்படித்தான் விழுந்தன. மஞ்சளால் காயம் ஆற்றுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் அமெரிக்காவில் வாங்கியது. இந்திய அரசின் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் எடுத்துக் காட்டி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. வேப்ப எண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்துவதற்கு அமெரிக்க வேளாண் துறையும் கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பாவில் வாங்கியது 2000-இல் ரத்தாகி, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடி ஆனது. இரண்டையும் விழ வைத்தது "இது முன்பே தெரியும்" என்பதற்கான சாட்சி. பாட்டி வைத்தியம் எங்காவது எழுத்தில் இருந்தால் வேலை சுலபம்.

கோயில் கமிட்டி | உமிலோ

எழுத்தில் இல்லாதவன் என்ன செய்வான்? கலகாரியில் சான் மக்கள் பசி அடங்கத் தின்ற ஹூடியா செடியை எடுத்துக்கொண்டார்களே.

நெல்லைக்காரன் | ஜோஹன்னஸ்பர்க்

சரியான இடத்தைத் தொட்டீர்கள் தாத்தா. அது இந்த நாட்டு அரசு ஆய்வு நிறுவனமே செய்தது என்பதுதான் வலி. இங்கேயும் ஒரு சிஎஸ்ஐஆர் உண்டு, இந்தியாவினுடையது வேறு. அவர்கள் 1995-இல் விண்ணப்பித்து, ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு உரிமம் கொடுத்து, அங்கிருந்து ஃபைசர் வரை போனது. சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகைகளில் நாறிய பிறகு 2003-இல்தான் ஒப்பந்தம்: ராயல்டியில் 6 சதவீதம், இடைக்கட்டத் தொகைகளில் 8 சதவீதம். கடைசியில் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன, எதிர்பார்த்த பணமும் வரவில்லை. ரூயிபாஸ் தேயிலையில் பரவாயில்லை. 2019 ஒப்பந்தப்படி பண்ணை விலையில் 1.5 சதவீதம் சான், கோய் மக்களுக்கு.

பதிவு எண் | பிரிட்டோரியா

இதனால்தான் 2005-இல் பேட்டன்ட் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது முழு விண்ணப்பம் ஒவ்வொன்றோடும் பி-26 என்று ஒரு படிவம் போக வேண்டும். உள்நாட்டு உயிர்வளம், மரபணு வளம், மரபறிவு எதையாவது அடிப்படையாகக் கொண்டதா என்று அதில் சொல்ல வேண்டும். ஆம் என்றால் அனுமதி, பயன்பகிர்வு ஒப்பந்தம் எல்லாம் காட்ட வேண்டும். பொய் சொன்னால் பிறகு பேட்டன்டையே ரத்து செய்யலாம்.

சிரிங்காவில் ஒரு வேடிக்கை. நம் கோயில் வாசலில் எல்லாம் நின்றாலும் அது இந்த நாட்டு மரமே இல்லை. ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. உள்நாட்டு உயிர்வளம் என்ற கூண்டுக்குள் அது வருவது கடினம். ஆனாலும் படிவம் போயே ஆக வேண்டும், "இல்லை" என்று எழுதுவதற்காவது. என்ன எழுதுவது என்பதை வக்கீல் முடிவு செய்யட்டும். விண்ணப்பத்தோடு போகும் விவரக்குறிப்பின் பின்னணிப் பகுதியில் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் தானியத்தில் இந்த இலையைப் போடும் வழக்கத்தைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ஆயாவுக்கு மரியாதை, விண்ணப்பத்துக்கும் பலம். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டு, பின்னால் எதிராளி அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் அசிங்கம்.

சிரிங்கா பேத்தி | டோங்காட்

அக்கா, அண்ணா, தாத்தா, சார், எல்லோருக்கும் நன்றி. ஆயாவிடம் படித்துக் காட்டினேன், "என் பேரைப் போடச் சொல்லு" என்கிறார்.

யாரிடம் உரிமை என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே? அப்புறம், என்னுடையது உண்மையிலேயே புதிதா என்று எப்படிப் பார்ப்பது? நூலகப் பயிற்சியில் கட்டுரைத் தளங்களை மட்டும்தான் காட்டினார்கள்.

அலமாரி அக்கா | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உரிமை பல்கலைக்கழகத்துக்கு. பொதுப் பணத்தில் நடந்த ஆய்வுக்கு 2008-ஆம் ஆண்டின் 51-ஆம் சட்டம் இருக்கிறது, 2010 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில். அதன்படி கண்டுபிடிப்பை அடையாளம் கண்ட 90 நாளுக்குள் பரிமாற்ற அலுவலகத்துக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டும். அவர்கள் அதை நிப்மோ என்ற தேசிய அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்களே உங்கள் பெயரில் விண்ணப்பம் போடக் கூடாது. பல்கலைக்கழகம் வேண்டாம் என்றால் நிப்மோவுக்கு வாய்ப்புப் போகும். அவர்களும் வேண்டாம் என்று, பணம் போட்ட தனியார் யாராவது இருந்தால் அவரும் வேண்டாம் என்றால்தான் உங்கள் கைக்கு வரும்.

பயப்படாதீர்கள், பங்கு உண்டு, அதுவும் சட்டத்திலேயே. வருமானத்தில் முதல் 10 லட்சம் ராண்டு வரை குறைந்தது 20 சதவீதம் கண்டுபிடித்தவர்களுக்கு. அதற்கு மேல் நிகர வருமானத்தில் குறைந்தது 30 சதவீதம். உங்களுக்கும் நெறியாளருக்கும் சமமாகவா, வேறு மாதிரியா என்பதை இப்போதே எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பணம் வந்த பிறகு பேசினால் முகம் சுளிக்க வேண்டியிருக்கும்.

கண்டுபிடித்தவர் பட்டியல் வேறு, கட்டுரை ஆசிரியர் பட்டியல் வேறு. துறைத் தலைவரைக் கட்டுரையில் மரியாதைக்குச் சேர்ப்பது போல இங்கே சேர்க்கக் கூடாது. பேட்டன்டின் கோரிக்கைகளில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எழுதும் பகுதியில், உள்ள கருத்துக்கு மூளை கொடுத்தவர் மட்டும்தான். ஆயாவின் பெயர் அதனால் வராது, முன்னுரையில் நன்றி எழுதுங்கள்.

தேடல் பயிற்சியில் பேட்டன்டைச் சேர்க்காதது எங்கள் குறைதான். பல்கலைக்கழகங்கள் இதழ் சந்தாவுக்குக் கொட்டும் பணத்தைப் பார்த்தால் தலை சுற்றும். பைசா செலவில்லாத பேட்டன்ட் தளங்களை யாரும் திறப்பதில்லை.

நெல்லைக்காரன் | ஜோஹன்னஸ்பர்க்

நான் தேடும் முறையைச் சொல்கிறேன். ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டில் 15 கோடிக்கும் மேல் ஆவணங்கள் இலவசமாக இருக்கின்றன. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப்பும் இலவசம். புதிதாக வருபவர்கள் "சிரிங்கா, வண்டு" என்று தட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று சந்தோஷப்பட்டுப் போய்விடுவார்கள். வெளிநாட்டில் சிரிங்கா என்றால் லைலாக் பூச்செடி. மீலியா அசெடராக் என்று தாவரப் பெயரில் தேடுங்கள், சைனாபெரி, பெர்சியன் லைலாக் என்றும் தேடுங்கள்.

சொல்லைவிட வகைப்பாட்டு எண் உதவும். தாவரத்திலிருந்து வரும் பூச்சிக்கொல்லிகளுக்கு ஏ01என் 65 என்று ஒரு வகுப்பு. அதற்குள் 65/26 என்பது வேம்புக் குடும்பம் முழுவதற்கும். அந்த எண்ணைப் போட்டால் யார் எந்த மொழியில் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் வந்து விழும். சீன ஆவணங்கள் நிறைய வரும், எந்திர மொழிபெயர்ப்பு போதும். ஒவ்வொன்றிலும் முதலில் கோரிக்கைப் பகுதியைப் படியுங்கள். வேதியியல் மாணவர்கள் நேராகச் செய்முறை எடுத்துக்காட்டுக்கு ஓடுவார்கள். அதுவும் வீணில்லை, கட்டுரைகளில் வராத செய்முறை நுணுக்கம் அங்கே கிடைக்கும். ஆனால் எல்லை எங்கே என்பது கோரிக்கையில்தான். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும் என்பதால் அண்மைக் காலத்தில் யாராவது போட்டிருந்தால் இப்போது தெரியாது. அதற்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய பென்சீன் | ரிசர்வாயர் ஹில்ஸ்

இதைச் சொல்லிக்கொடுத்தது நல்ல காரியம். பேட்டன்டின் ஒரே நல்ல பக்கம் அது பொதுவில் படிக்கக் கிடைக்கும் என்பதுதான். என் காலத்தில் ஒரு ஆவணம் வேண்டுமென்றால் பிரிட்டோரியாவுக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்போம்.

பதிவு எண் | பிரிட்டோரியா

தேடலை நீங்களே செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிஐபிசி, அதாவது நம் பதிவு அலுவலகம், விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தைப் பரிசோதிப்பதில்லை. படிவமும் கட்டணமும் முறையாக இருந்தால் பேட்டன்ட் கொடுத்துவிடுவார்கள். பரிசோதகர் முறைக்கு மாறப் போவதாக 2018 அறிவுசார் சொத்துக் கொள்கையில் எழுதியிருக்கிறார்கள். 2021 ஜூலையில் டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பாளராகப் போட்ட விண்ணப்பத்துக்கு உலகத்தில் முதலில் பேட்டன்ட் கொடுத்தது நம் அலுவலகம்தான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மறுத்தன. இதை நம் முன்னோக்கின் பெருமையாகச் சிலர் எழுதினார்கள், எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆக, இங்கே கிடைக்கும் பேட்டன்ட் உங்களுடையது புதிது என்பதற்குச் சான்றிதழ் இல்லை. யாராவது பேட்டன்ட் ஆணையர் நீதிமன்றத்துக்குப் போனால்தான் உண்மையான பரிசோதனை.

விண்ணப்பம் இரண்டு கட்டம். முதலில் தற்காலிக விண்ணப்பம். அரசுக் கட்டணம் வெறும் 60 ராண்டு. அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் அல்லது பன்னாட்டு விண்ணப்பம். முழு விவரக்குறிப்பில் பேட்டன்ட் வக்கீல் கையெழுத்து வேண்டும், செலவு அங்கேதான். 60 ராண்டுதானே என்று அரைப் பக்கம் எழுதிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எழுதியதற்கு மட்டும்தான் அந்தத் தேதி கிடைக்கும், எழுதாததற்குக் கிடையாது.

தற்காலிக விண்ணப்பம் போட்ட மறுநாளே வெளியிடலாம் என்பார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் வெளியிடாமல் இருந்தால் ஒரு வசதி: ஆய்வு தாமதமானால் பழையதைக் கைவிட்டுப் புதிய தற்காலிக விண்ணப்பம் போடலாம், கைவிட்டது வெளியே வராது. வெளியிட்டுவிட்டால் அந்த 12 மாதக் கடிகாரத்தை நிறுத்த வழியில்லை.

கோயில் கமிட்டி | உமிலோ

நூலகப் பொண்ணு இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். கோயில் அறையில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஒரு பெட்டி இருக்கிறது, பஜனைப் பாட்டு, கும்மி எல்லாம். பூச்சி அரிக்கிறது. ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டால் அதற்கும் கேஸ் வருமா?

அலமாரி அக்கா | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இது பதிப்புரிமை தாத்தா, பேட்டன்ட் இல்லை. நம் சட்டத்தில் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. இந்தியாவில் 60. அதனால் இங்கே பொதுவுடைமை ஆன சில நூல்கள் அங்கே இன்னும் ஆகியிருக்காது. இணையத்துக்கு எல்லை கிடையாதே, 60 ஆண்டு கணக்கிலேயே போங்கள். பாரதி பாடல்கள் 1949-இலேயே அரசு வாங்கி, பிறகு பொதுவாக்கியவை, கவலை இல்லை. நூல்களைக் காப்பாற்ற ஸ்கேன் எடுப்பதை இன்றே தொடங்குங்கள், வெளியிடுவதைப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் காட்டினால் எது அரியது என்று சொல்வார்கள்.

பழைய பென்சீன் | ரிசர்வாயர் ஹில்ஸ்

காந்தி பெயர் வந்ததால் சொல்கிறேன். 1910-இல் இதே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் அச்சிட்ட தம் 'ஹிந்த் ஸ்வராஜ்' புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பில், எந்த உரிமையும் ஒதுக்கப்படவில்லை என்றே அவர் போட்டார். யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். என் கட்சி அது.

மட்டுறுத்துநர்

கோயில் புத்தகங்களுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். இங்கே ஆய்வேடு மட்டும்.

சிரிங்கா பேத்தி | டோங்காட்

பரிமாற்ற அலுவலகத்துக்குப் போய் வந்தேன். அவர்கள் முதலில் கேட்டது ஆய்வகக் குறிப்பேடு, தேதியோடு. இந்தக் களத்தில் எழுதியதையும் சொன்னேன், நீக்கிய வரிகளின் நகலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கருத்தரங்குச் சுருக்கத்தை நெறியாளரே சுருக்கி எழுதிவிட்டார், இப்போது படித்தால் எனக்கே ஒன்றும் புரியவில்லை. சிறு விவசாயிகளுக்குக் கட்டணமில்லாமல் என்ற கோரிக்கையைப் படிவத்தில் "குறிப்புகள்" பகுதியில் எழுதினேன், பென்சீன் சாருக்காக. எம்பார்கோ படிவமும் கொடுத்தாச்சு.

இன்னும் இரண்டு சந்தேகம். அடுத்த வாரம் துறைக் கருத்துப் பகிர்வு, யாரும் வரலாம், எங்களில் எல்லோரும் பேசியே ஆக வேண்டும். அப்புறம், பைன்டவுனில் ஒரு பேக்கேஜிங் கம்பெனி மாதிரியைப் பார்க்க வேண்டும் என்கிறது. மீதி ஆய்வுக்குப் பணமும் தருவார்களாம்.

பதிவு எண் | பிரிட்டோரியா

துறைப் பேச்சு: அதற்குள் விண்ணப்பம் போகவில்லை என்றால் வண்டு எண்ணிக்கை, சேமிப்பு இழப்பு, பழைய ஆய்வுகள் இவற்றோடு நிறுத்துங்கள். முழுதாகப் பேசியே ஆக வேண்டும் என்றால் கதவை மூடி, வருபவர் எல்லோரிடமும் ரகசியக் காப்புக் கையெழுத்து. துறை வலைத்தளத்தில் ஸ்லைடு போகக் கூடாது, வீடியோவும் வேண்டாம்.

கம்பெனி: ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் மாதிரியைக் கையில் கொடுக்காதீர்கள். அவர்கள் பிரித்து ஆராய்ந்தால் முடிந்தது. பணம் விஷயத்தைப் பரிமாற்ற அலுவலகத்திடம் விட்டுவிடுங்கள். ஆய்வின் முழுச் செலவையும், கட்டட வாடகை மின்சாரம் உட்பட, தனியார் ஏற்றால் அந்த ஆய்வு பொதுப் பணக் கணக்கிலேயே வராது, உரிமையை ஒப்பந்தத்தில் பேசிக்கொள்ளலாம். கொஞ்சம் பணம் போட்டு முழு உரிமை கேட்பதுதான் வழக்கமான ஆசை. ஏற்கெனவே நடந்து முடிந்த ஆய்வுக்கு இது பொருந்தாது.

அலமாரி அக்கா | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

எம்பார்கோ முடியும் தேதியை உங்கள் போனில் இரண்டு மாதம் முன்னால் நினைவூட்டலாகப் போடுங்கள். அந்தத் தேதி வந்ததும் தளம் தானாகவே கோப்பைத் திறந்துவிடும், எங்களில் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. விண்ணப்பம் தாமதமானால் நீட்டிப்புப் படிவம் அதற்கு முன்னால் எங்களிடம் வர வேண்டும், நெறியாளர் கையெழுத்தோடு. நெறியாளர் விடுப்பில் போகும் மாதம் எது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.